கை பட்டால் கறுக்கும்

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் என்னோடு இடுப்பு இடிக்க ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மகராசிகளே, ஆளுக்கொரு பள்ளிக்கூட ஞாபகம் எழுத வேண்டும் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் முடிவு செய்தீர்கள். எழுதியும் விட்டீர்கள். வேலி தாண்டிப் பறித்த புளியங்காய், பி.டி. டீச்சரின் விசில், மழைக்கு ஒழுகிய ஓடு எல்லாம் வந்தாயிற்று. படித்தேன், சிரித்தேன். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சிரங்கைப் பற்றி ஏன் ஒருத்தியும் எழுதவில்லை?

அந்த வருஷம் ஐப்பசி அடைமழையில் நம் வகுப்பில் பாதிப் பேருக்குச் சிரங்கு. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். விரல் இடுக்கில் பொடிப்பொடியாகக் கொப்புளம், படுத்தால் உயிர் போகிற அரிப்பு. பகலில் கையைத் தாவணிக்குள் சுருட்டிக்கொண்டு 'குளிருதுடி' என்று ஒருத்திக்கொருத்தி பொய் சொன்னோம். திருவண்ணாமலையில் ஐப்பசியில் அப்படி என்ன குளிர்? சொறிந்தால் தெரிந்துவிடும் என்று பெஞ்சுக்கு அடியில் விரலோடு விரலைக் கோத்துத் தேய்ப்போம். பக்கத்தில் இருந்தவளும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். நான் எழுதப்போவது அந்தக் கையைப் பற்றித்தான். அறுபது தாண்டியும் அதை நினைத்தால் எனக்கு முகம் சுடுகிறது.

அப்போது எங்கள் வீடு தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அப்பா தாலுகா ஆபீசில் கிளார்க். அண்ணனுக்கு வேலூரில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வருவான், திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடிப்பான். அந்த ஆவணியில்தான் அவனுக்குக் கல்யாணமாகி அண்ணி வந்தாள். அடி அண்ணாமலைப் பெண். அவள் அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருந்தன, மல்லாட்டை போடுவார், எங்கள் ஊரில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். மலையைச் சுற்றுகிற பாதையில் காலை வீசிப்போட்டு நடந்தால் போய்விடுகிற தூரம். அம்மாவுக்கு அது ஏதோ கடல் கடந்த தேசம். 'கிராமத்துப் பொண்ணு' என்று அவள் சொல்லும் தினுசே தனி. ஜாதகம் பொருந்திவிட்டது, அதனால் கட்டினோம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள், யாரோ அவளைக் குற்றம் சாட்டிய மாதிரி.

அண்ணிக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினாலு. என் சிரங்கைக் கண்டுபிடித்தவள் அவள்தான். தலை பின்னிக்கொண்டிருந்தவள், ரிப்பன் கொடுக்க நான் நீட்டிய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நான் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு அழ ஆரம்பித்தேன். அம்மாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள் என்றேன். முழுக்கப் பொய்யும் இல்லை. வயசுக்கு வந்த பெண்ணுக்குச் சிரங்கு என்று தெருவில் தெரிந்தால் நாளைக்கு எவன் பெண் கேட்டு வருவான் என்று அம்மா கவலைப்படுவாள். கன்னத்தில் ஒரு பரு வந்ததற்கே ஒரு வாரம் என்னைக் கடைக்கு அனுப்பாதவள். அண்ணி என்னை ஜன்னலண்டை அழைத்துப் போனாள். ஜன்னலில் மலை தெரியும். மலையைப் பார்த்துச் சத்தியம் பண்ணு என்றேன்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன் பாப்பா, மலை சாட்சி," என்றாள். "ஆனா நீ மருந்து போட்டுக்கணும்."

மறுநாள் பல்வலி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். கம்பவுண்டரிடம் சிரங்கு தனக்குத்தான் என்றாள். அவர் கையைக் காட்டச் சொல்லவில்லை. அந்த மழையில் வந்தவர்களுக்கெல்லாம் ஒரே மருந்துதான். பெரிய ஜாடியிலிருந்து மஞ்சளாக வழித்து, நாங்கள் கொண்டுபோன காலிப் பவுடர் டப்பாவில் அப்பிக் கொடுத்தார். கந்தகக் களிம்பு. திறந்தால் வெடித்த பட்டாசு வாசனை அடிக்கும். அப்போதுதான் தீபாவளி முடிந்திருந்ததால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தினமும் நான் பள்ளி விட்டு வந்ததும் புழக்கடையில் உட்கார வைத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து அண்ணி தடவிவிடுவாள். ஒரு முகச்சுளிப்பு கிடையாது. அவ்வளவு பொறுமையாக என் கையைப் பிடித்தவர்கள் அப்புறம் யாரும் இல்லை, என் வீட்டுக்காரர் உட்பட.

அந்தத் தலைதீபாவளிக்கு அண்ணனும் அண்ணியும் அடி அண்ணாமலை போய்த் திரும்பியபோது சீராக ஒரு வெள்ளிச் சொம்பு வந்திருந்தது. அரைப்படி தண்ணீர் பிடிக்கும். கழுத்தைச் சுற்றி ஒரே ஒரு கொடி வேலைப்பாடு, மற்றபடி வழவழவென்று இருக்கும். அம்மாவே அசந்துதான் போனாள். தெருவில் நாலு வீட்டில் காட்டிவிட்டு வந்து பூஜை அலமாரியில் வைத்தாள். தினம் காலையில் அதில் தண்ணீர் பிடித்துச் சாமிக்கு வைப்பது என் வேலை என்றாள். ஏன், மருமகள் தொட்டால் தேய்ந்துவிடுமா என்று அப்பா கேட்டார். அம்மா காதில் வாங்கவில்லை. ஆக, அந்தச் சொம்பைத் தினம் தொட்டவள் வீட்டில் நான் ஒருத்திதான்.

இனி நம் அறிவியல் டீச்சருக்கு வருகிறேன். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜையெல்லாம் தேடுவாரே, அவரேதான். கார்த்திகை பிறந்த வாரம் அவர் ஆக்சிஜனேற்றம் நடத்தினார். ஒரு பொருளோடு ஆக்சிஜன் சேருவது ஆக்சிஜனேற்றம். அன்றைய விதி அவ்வளவுதான், ஒரே வரி. ஜன்னல் வழியாக மலையைக் காட்டி அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"பத்து நாள்ல மலை மேல தீபம் எரியப் போவுது, அது ஆக்சிஜனேற்றம். நம்ம ஸ்கூல் கேட்டு துரு புடிச்சுக்கினு நிக்குதே, அதுவும் ஆக்சிஜனேற்றம்தான். அது அவசரமா நடக்குது, இது நிதானமா நடக்குது. அவ்ளோதான் வித்தியாசம்."

உங்களுக்கு எப்படியோ, எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உலகத்தின் சாவியே கையில் கிடைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து, வெட்டிய வாழைக்காய் கறுப்பது ஏன், பித்தளை அண்டாவில் பச்சை பூப்பது ஏன் என்று எல்லாருக்கும் வகுப்பெடுத்தேன். ஏற்றம் என்றால் உசத்திதானே, துருப்பிடிப்பதில் என்ன உசத்தி இருக்கிறது என்று அப்பா கேட்டுச் சிரித்தார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. பாடத்தில் இன்னொரு வரியும் இருந்தது. தங்கமும் வெள்ளியும் ஆக்சிஜனுக்கு லேசில் மசியாது, அதனால்தான் அவற்றுக்கு மதிப்பு. அந்த வரிக்கு அடியில் நான் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன்.

சொம்பு கறுக்க ஆரம்பித்ததும் அந்த வாரம்தான். முதலில் வயிற்றுப் பக்கம் லேசான மங்கல். அண்ணி விபூதி போட்டுத் தேய்த்தாள், பளிச்சென்று ஆகிவிட்டது. இரண்டே நாளில் திரும்பவும் கறுப்பு. அம்மாவின் வெள்ளிக் குங்குமச்சிமிழ் அதே அலமாரியில் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு தீபாவளிக்குத் தேய்த்து வைத்தால் அடுத்த தீபாவளிக்குத்தான் அது மங்கும். அம்மா இதையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்ப்பாள். புளி போட்டுத் தானே தேய்த்தாள். மூன்றாம் நாள் காலையில் மறுபடியும் கறுப்பு. அம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

அதே சமயத்தில்தான் பவுடர் டப்பா அவள் கையில் அகப்பட்டது. புழக்கடை மாடத்தில் விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தோம். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இது யாருடையது என்று கேட்டாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"என்னுதுங்க அத்தை," என்றாள் அண்ணி. "கையில லேசா சிரங்கு."

அன்றிலிருந்து அண்ணிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு. சாப்பிட்ட தட்டை அவளே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். சமையல் பாத்திரத்தைத் தொடக்கூடாது. சனிக்கிழமை வந்த அண்ணனுக்குத் தனியாகப் பாய் விழுந்தது. ஒரு வார்த்தை, 'அது எனக்கும்மா' என்று ஒரே ஒரு வார்த்தை. நான் சொல்லவில்லை. அண்ணியின் தட்டு மாறியதைப் பார்த்துக்கொண்டே என் தட்டில் சோறு தின்றேன். மறுநாள் சாயங்காலமும் அவள் என் கையைப் பிடித்துக் களிம்பு தடவினாள். தட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

தீபத்தன்று வீடு கொள்ளாத கூட்டம். இந்த ஊரில் வீடு இருந்தால் தீபத்துக்கு அழைக்காமலே சொந்தம் வரும் என்பது உங்களுக்கே தெரியும். விழுப்புரத்துப் பெரியம்மா, ஆரணி மாமா குடும்பம் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்து ஆறு மணிக்காகக் காத்திருந்தார்கள். அண்ணியின் அப்பாவும் வந்திருந்தார். தோளில் ஒரு மூட்டை மல்லாட்டை சுமந்து வந்து, அதை இறக்கி வைத்துவிட்டு வாசற்படிக்கு உள்பக்கம் தூணோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதிகம் பேசாத மனுஷர். பெரியம்மா, தலைதீபாவளிச் சீரைக் காட்டேன் என்று கேட்டாள். அம்மா தேய்த்துவிட்டுக் கொண்டுவந்திருக்கலாம். இருந்தபடியே எடுத்துவந்து நடுக்கூடத்தில் வைத்தாள்.

அடுப்பில் ஏற்றிய சட்டி மாதிரி இருக்கிறதே என்றாள் பெரியம்மா. வெள்ளிச் செம்பு என்றுதான் கொடுத்தார்கள், வெறும் செம்பு போலிருக்கிறது என்றாள் அம்மா. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், கூடத்தில் எல்லாருக்கும் கேட்கிற அளவுக்குத் தாழ்த்தி. மாமா, வெள்ளியும் கறுக்கத்தானே செய்யும் என்று சமாதானமாக ஏதோ சொல்ல வந்தார். அதோடு போயிருக்கும். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானாக எழுந்து நின்றேன். வகுப்பில் ஒப்பிக்கிற மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வெள்ளி ஆக்சிஜனேற்றம் அடையாது மாமா. அடையுதுன்னா அது வெள்ளியே இல்ல. செம்பு கலந்திருக்குது. எவ்ளோ சீக்கிரம் கறுக்குதோ அவ்ளோ செம்பு ஜாஸ்தி."

மாமா அடேங்கப்பா என்றார். பெரியம்மா, பொண்ணு டாக்டருக்குத்தான் படிப்பாள் என்றாள். குறைகுடம் கூத்தாடியது, எல்லாரும் கை தட்டினார்கள். மறைக்கமாட்டேன், எனக்குப் பெருமையாக இருந்தது. அண்ணி சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பவள் போலப் பார்த்தாள். அந்தப் பார்வை அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

அண்ணியின் அப்பா எழுந்து வந்து சொம்பை இரண்டு கையாலும் எடுத்தார். வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கறுப்பு சொம்பு முழுக்க இல்லை. ஒரு பக்கம் நாலு பட்டை, எதிர்ப்பக்கம் ஒரு பட்டை. அதன் மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். மண்வெட்டி பிடித்த தடித்த விரல்கள், பட்டைகள் அதில் பாதி அகலம்கூட இல்லை. மூக்கண்டை கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு தன் பெண்ணைப் பார்த்தார். அண்ணி லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. அவர் என் பக்கம் ஒரு தடவை திரும்பினார். என் கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

"கை பட்டா கறுக்கும்ங்க சம்மந்தி. வெள்ளிக்கு அது ஒண்ணும் குத்தமில்ல," என்றார் அப்பாவிடம். கொஞ்சம் பொறுத்து, "சந்தேகம்னா ஆசாரிகிட்ட உரசிப் பாத்துடலாம்ங்க. இப்பவே போலாம்," என்றார்.

எங்கள் அப்பா நல்லவர். அதுதான் வினையாகப் போயிற்று. பதறிப்போய் எழுந்து சம்மந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். கொடுத்த சீரை உரசிப் பார்ப்பதா, நாங்கள் என்ன அப்படிப்பட்ட குடும்பமா, ஊர் சிரிக்காதா, நீங்கள் கொடுத்தது எதுவாக இருந்தாலும் எங்களுக்குத் தங்கம்தான் என்றார். மரியாதைக்குத்தான் சொன்னார், சத்தியமாக. ஆசாரிக் கடை பத்து நிமிஷ நடை. உரைகல்லில் ஒரு கோடு இழுத்திருந்தால் அந்த மனுஷரின் பெயர் அன்றைக்கே மீண்டிருக்கும். அதை மரியாதை என்று சொல்லியே அப்பா தடுத்துவிட்டார். எதுவாக இருந்தாலும் என்று சொன்ன வாய்தான் சந்தேகத்தையும் உறுதி செய்தது. செம்புக்குக் களிம்பு கூடவே பிறந்தது, யாரைச் சொல்லி என்ன செய்வது என்று அம்மா பெரியம்மாவின் காதில் போட்டாள்.

அவர் சொம்பைத் துண்டில் சுற்றிக்கொண்டார். ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் ஊரே அரோகரா என்று எழுந்தது. நாங்கள் எல்லாரும் மொட்டை மாடியில் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். கீழே இறங்கி வந்தபோது அவர் இல்லை. மல்லாட்டை மூட்டை தூணோரம் இருந்தது. அதை ஒரு வாரம் வேகவைத்துத் தின்றோம், நானும் தின்றேன்.

அடுத்த வாரமே, கை ஆறும்வரை ஒரு மாசம் தாய்வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று அம்மா அண்ணியை அனுப்பி வைத்தாள். அண்ணன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தான். அவனுக்கு அம்மாவிடம் வாய் திறக்கிற பழக்கம் இல்லை. அண்ணி போகிறபோது பவுடர் டப்பாவைக் காகிதத்தில் சுற்றி என் புஸ்தகப் பைக்குள் வைத்திருந்தாள். இன்னும் பத்து நாள் விடாமல் போடு, துணியெல்லாம் வெந்நீரில் அலசு என்று மட்டும் சொன்னாள். விடாமல் போட்டேன். கை ஆறிவிட்டது.

தை பிறந்து அண்ணி திரும்பி வந்தபோது புதுச் சொம்பு ஒன்று வந்தது. பழையதைவிடக் கொஞ்சம் பெரிது. பொங்கல் சீர் கொண்டுவந்த அண்ணியின் அம்மாவுக்குக் கால் மூளியாக இருந்தது. கல்யாணத்தில் கெட்டியான வெள்ளிக் காப்பு போட்டிருந்த கால். என்ன ஆயிற்று என்று நான் அண்ணியிடம் தனியாகக் கேட்டேன். அம்மாவின் காப்பை அழித்துத்தான் சொம்பு செய்தோம் என்றாள். அந்தச் சொம்பை மாசக்கணக்கில் நான்தான் தினம் எடுத்தேன். கறுக்கவே இல்லை. இதுதான் வெள்ளி, வித்தியாசம் தெரிகிறதா என்றாள் அம்மா. தெரிகிறது என்று தலையாட்டினேன்.

அண்ணியின் அப்பா அதற்கப்புறம் எங்கள் வாசற்படி ஏறவில்லை. ஒவ்வொரு தீபத்துக்கும் வருவார். எதிர்ப் பெட்டிக்கடை ஓரமாக நிற்பார். அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வருவாள். அப்பா வாசலிலிருந்து கூப்பிடுவார். இருக்கட்டும்ங்க என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். முகத்தைக் காட்டத் தெம்பில்லை என்பாள் அம்மா.

பிளஸ் டூ என்று புதிதாக வந்த முதல் வருஷம் நம்மில் பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மிச்சப் பேர் பதினொன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தோம். புதிதாக வந்த கெமிஸ்ட்ரி மிஸ் ஆக்சிஜனேற்றம் என்று போர்டில் எழுதியதும் எனக்குத்தான் தெரியுமே என்று கையைத் தூக்கினேன். ஆக்சிஜன் சேருவது என்றேன். அது சின்ன வகுப்புக்குச் சொன்னது, பாதிதான் என்றார். எலக்ட்ரானை இழப்பதுதான் ஆக்சிஜனேற்றம், ஆக்சிஜன் பக்கத்திலேயே வராமலும் அது நடக்கும் என்றார். மாமியார் இல்லாத மாமியார் வீடு மாதிரியா என்று உங்களில் ஒருத்தி முணுமுணுத்தாள், வகுப்பே சிரித்தது. பேரில் ஏற்றம், நடப்பது இழப்பு. அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்புறம் அவர் உதாரணம் சொன்னார். எவ்வளவு சுத்தமான வெள்ளியாக இருந்தாலும் கந்தகம் பட்டால் எலக்ட்ரானை இழந்து கறுத்துப்போகும். வெள்ளிச் சாமான் பக்கத்தில் முட்டை, ரப்பர், கந்தகம் சேர்ந்த சிரங்கு மருந்து எதையும் கொண்டுபோகாதீர்கள் என்றார்.

என் சிரிப்பு நின்றது. மேஜை மேல் இருந்த என் கையைப் பார்த்தேன். நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் எதிர்ப்பக்கம். கை பட்டா கறுக்கும்ங்க. மனுஷர் சொன்னாரே. கூடம் நிறைய ஆள் இருக்கும்போது, என் பேரை எடுக்காமல், எனக்கு மட்டும் புரிகிற மாதிரி சொன்னாரே. எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களில் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு கிரிவலம் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவளை அடி அண்ணாமலைக் கோயிலில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். வீட்டை ஒட்டியே நிலம். மல்லாட்டை பிடுங்குகிற சமயம், பெண்கள் உட்கார்ந்து செடியிலிருந்து காயை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவர் வெற்றுடம்போடு கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். இடுப்பில் கட்டியிருந்த வெள்ளி அரணாக்கொடி கறுத்துக் கிடந்தது. மோட்டார் கொட்டகைச் சுவரோரம் செடிக்குத் தூவுகிற கந்தகத் தூள் மூட்டை சாய்த்து வைத்திருந்தது. வருஷா வருஷம் கந்தகத்தில் புழங்குகிற மனுஷர். சொம்பை முகர்ந்த அந்த நிமிஷமே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

வாம்மா என்று கயிற்றுக் கட்டிலைத் தட்டி உட்கார வைத்தார். அண்ணியின் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கால் இன்னும் மூளிதான். தண்ணீர் கொண்டுவந்தது அந்தச் சொம்பில். கழுத்தில் ஒரே ஒரு கொடி வேலைப்பாடு. இரண்டு வருஷமாக வீட்டில் புழங்குகிற சொம்பில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை, வெயிலில் கண் கூசிற்று. நான் அதை இரண்டு கையாலும் வாங்கினேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"கை நல்லாயிடுச்சா பாப்பா?" என்று கேட்டார்.

குத்தலாகக் கேட்கவில்லை. காய்ச்சல் விட்டதா என்று கேட்பதுபோல உண்மையான அக்கறையோடு கேட்டார். மனப்பாடம் செய்தது முழுக்கத் தொண்டைவரை வந்தது. "ஆயிடுச்சுங்க," என்றேன். தண்ணீரைக் குடித்தேன். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். கெமிஸ்ட்ரி என்றேன். நல்லா படி என்று சொல்லி, தாவணி நிறைய மல்லாட்டை கொட்டிக் கட்டிவிட்டார். கோயிலில் காத்திருந்தவளோடு அதை உரித்துத் தின்றுகொண்டே திரும்பி வந்தேன். அவள் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள், எதற்குப் போனாய் என்று இன்றுவரைக்கும் கேட்டதில்லை.

வீட்டிலாவது சொன்னேனா? இல்லை. அம்மா அடிப்பாள் என்று பயந்தேன் என்று இவ்வளவு காலம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். அதெல்லாம் சும்மா. பதினாறு வயசில் என்னை யாரும் அடித்ததில்லை. கெட்டிக்காரி என்ற பேர் போய்விடும், அதுதான். கூடத்தில் கை தட்டினார்களே, அதை இழக்க மனசு வரவில்லை. ஒருத்தர் பேரைக் கெடுத்து என் பேரை வைத்துக்கொண்டேன். அப்புறம் வேலை, கல்யாணம், மெட்ராஸ், ஒரு ஆபீசில் முப்பது வருஷம் பைல் தள்ளினது என்று போயிற்று. அண்ணியின் அப்பா போன செய்தி எனக்கு ஆபீசுக்குப் போனில் வந்தது. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. அப்பா போனார். அம்மா, சம்மந்தி கொடுத்த கலப்படச் சொம்புக் கதையைக் கடைசி வரைக்கும் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

போன வருஷம் தீபத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். அண்ணிக்கு இப்போது முழங்கால் வலி. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பூஜைச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அதில் அந்தப் பழைய சொம்பும் இருந்தது. அவள் அப்பா போன பிறகு அவளிடமே வந்துவிட்டதாம். நான் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, தட்டு, கெமிஸ்ட்ரி மிஸ், அடி அண்ணாமலை போனது எல்லாம். நடுவில் அழுகை வந்தது, அழுதுகொண்டே சொன்னேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் பாப்பா. சத்தியம் பண்ணிட்டேன், என்னால சொல்ல முடியல," என்றாள் கடைசியில். "நீ சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன். அத்தை இருக்கும்போதே சொல்லியிருந்தா எங்கப்பா ஒரு தடவையாவது உள்ள வந்து தண்ணி குடிச்சிருப்பாரு."

பரவாயில்லை என்று அவள் சொல்லுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன் போலிருக்கிறது. சொல்லவில்லை. விபூதிச் சம்புடத்தையும் அந்தச் சொம்பையும் என் பக்கம் தள்ளி, இதைக் கொஞ்சம் தேய்த்துவிடு, எனக்குக் கை வலிக்கிறது என்றாள். வருஷக் கடைசிக்கு எந்த வெள்ளிக்கும் ஏறுகிற மங்கல்தான் அதில் இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு தேய்த்தேன். மங்கல் போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தேன். நாலு விரல் பட்ட இடத்தையும் கட்டைவிரல் பட்ட இடத்தையும் கண் தேடிக்கொண்டே இருந்தது.

"போதும் வுடு பாப்பா," என்றாள் அண்ணி. "அது வெள்ளிதான்."